பிடரியிலிருந்து ஏறும் தலையிடி: கையாலும் ஒரு பழைய துவாயாலும் செய்யக்கூடியவை

வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்க மஞ்சள் கோட்டில் நிற்பவர்களைக் கவனிப்பது தொழில் எனக்குத் தந்த கெட்ட பழக்கம். பெரும்பாலானோர் முகத்தை மட்டும் வலப்பக்கம் திருப்பி பஸ் வருகிறதா என்று பார்ப்பார்கள். இடையில் ஒருவர் தோள், நெஞ்சு, இடுப்பு எல்லாவற்றையும் சேர்த்து, அலுமாரியை நகர்த்துவதுபோலத் திரும்புவார். அவரை மறித்து "உங்களுக்குத் தலையிடி இருக்கா?" என்று கேட்கலாமா என்றிருக்கும். கேட்பதில்லை. பனடோல், சித்தாலேப, கண்ணாடிக் கடை, 'சைனஸாக்கும்' என்று ஒரு சுற்றுப் போய்விட்டு, அப்படிப்பட்டவர்களில் பலர் எங்கள் கட்டிலுக்கே வந்து சேர்கிறார்கள்.

நான் கொழும்பில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். சனம் சொல்வதுபோலச் சொன்னால் பிசியோ. கழுத்திலிருந்து கிளம்பும் தலையிடி உள்ளவர்களுக்கும், அவர்களுக்கு வீட்டில் கை கொடுப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முன் அனுபவம் வேண்டாம். கட்டில் ஒன்று, தேய்ந்துபோன பழைய துவாய் ஒன்று, ரெனிஸ் பந்து இரண்டு, சோடி தொலைந்த சொக்ஸ் ஒன்று போதும். ஒரேயொரு நிபந்தனை உண்டு. எதையும் செய்ய முன்பு கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று அளக்க வேண்டும், செய்த பின்னும் அளக்க வேண்டும். அளவு கூடவில்லை, தலையிடியும் குறையவில்லை என்றால், பிடித்துவிட்டது எவ்வளவு சுகமாக இருந்தாலும் அந்த வித்தை உங்களுக்கு உரியதல்ல.

நோவு கண்ணில், கை ஏன் பிடரியில்?

"தம்பி, குத்து கண்ணுக்குப் பின்னாலதானே. நீங்கள் என்னத்துக்குப் பிடரியைப் பிடிக்கிறீங்கள்?" இந்தக் கேள்வி வராத கிழமை இல்லை.

ஒரு வீட்டின் முன் கேற்றிலும் பின் கேற்றிலும் அழைப்பு மணிச் சுவிட்ச் இருக்கிறது, உள்ளே மணி ஒன்றுதான் என்று வையுங்கள். மணி அடித்தால் எந்தக் கேற்றில் ஆள் நிற்கிறார் என்று குசினியில் இருப்பவருக்குத் தெரியாது. பழக்கத்தில் முன் கேற்றுக்கு ஓடுவார். கழுத்தின் மேல் மூன்று நரம்பு வேர்களும், நெற்றி, கண் பகுதிக்கு உணர்ச்சி கொடுக்கும் முக நரம்பும் முண்ணாணின் மேற்பகுதியில் ஒரே நரம்புக் கலத் திரளில் வந்து சேர்கின்றன. பிடரி மூட்டில் இருந்து வந்த முறைப்பாட்டை மூளை கண்ணின் கணக்கில் எழுதிவிடுகிறது. மாரடைப்பில் இடக்கை நோவதும் இந்த வகைக் குழப்பம்தான்.

1983இல் நோர்வேயின் நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷோஸ்டாட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் இதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். கழுத்தில் உருவாகும் தலையிடி என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

இடத்தையும் ஒருக்கால் தொட்டுப் பாருங்கள். பின்மண்டையின் நடுவில் விரலை வைத்துக் கீழே இறக்கினால் ஒரு பள்ளம் வரும். பள்ளம் முடியும் இடத்தில் ஓர் எலும்பு முடிச்சுத் தட்டுப்படும். அது இரண்டாவது முள்ளென்பு. முதலாவது அந்தப் பள்ளத்துக்குள் ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. நாம் தலையைத் திருப்பும் தூரத்தில் கிட்டத்தட்டப் பாதி இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள மூட்டில்தான் நடக்கிறது. அதற்கடுத்த, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலான மூட்டும் தலையிடி கிளப்புவதில் பேர்போனது. இவற்றின் மேல், மண்டையோட்டின் அடி விளிம்பில் நான்கு சோடிச் சின்னத் தசைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே சொல்லப்போகும் வேலை எல்லாம் இந்த நாலு விரல் உயரத்துக்குள்தான். தோளைப் பிசைவது சுகம் தரும். ஆனால் இந்த வகைத் தலையிடியின் வேர் அங்கே இருப்பது குறைவு.

இது கழுத்துத் தலையிடிதானா?

என் பிழையிலிருந்து தொடங்குகிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு ரீச்சர் அன்ரியின் கழுத்தை ஐந்து கிழமை பிடித்துவிட்டேன். பிடித்த அன்று பின்னேரம் நன்றாக இருக்கும், இரண்டு நாளில் திரும்ப வரும். "பிடரியும் இழுக்குது தம்பி" என்று அவர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஒரு முறை வலப்பக்கம், அடுத்த முறை இடப்பக்கம் என்று மாறுமா?" என்று நான் கேட்கவே இல்லை. மாறும். வெளிச்சம் கண்ணைக் குத்தும், சத்தி வரும், இருட்டு அறையில் படுக்க வேண்டும். அவருக்கு இருந்தது கபாலக் குத்து, அதாவது மைக்ரேன். மைக்ரேன்காரருக்கும் கழுத்து நோகும். நரம்பியல் மருத்துவரின் மருந்துதான் அவருக்கு வேலை செய்தது. ஐந்து கிழமைப் பஸ் காசும் வீண்.

கழுத்துத் தலையிடியின் சாயல் வேறு. அநேகமாக ஒரு பக்கம் மட்டும் வரும், அந்தப் பக்கம் மாறாது. பிடரியில் தொடங்கி, காதுக்குப் பின்னாலோ உச்சிக்கு மேலாகவோ ஏறி, நெற்றியிலோ கண்ணுக்குப் பின்னாலோ போய் நிற்கும். கழுத்தைத் திருப்பினாலோ, கன நேரம் குனிந்திருந்தாலோ, இடம் மாறிப் படுத்தாலோ கிளம்பும். பிடரியின் அந்தப் பக்கத்தை விரலால் அழுத்தினால் "ஆ, இதேதான், கண்ணுக்கு அடிக்குது" என்பார்கள். ஒரு பக்கம் திரும்பும் தூரமும் குறைந்திருக்கும். தலையைச் சுற்றிப் பட்டி கட்டி இறுக்கினதுபோல இரு பக்கமும் நோவது பெரும்பாலும் இறுக்கத் தலையிடி என்கிற இன்னொரு வகை.

பனடோலைப் பற்றியும் இந்த இடத்தில் கேட்டுவிட வேண்டும். மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் பரசிற்றமோல் விழுங்குகிறவர்களுக்கு மாத்திரையே தலையிடியைக் கிளப்பத் தொடங்கலாம். கோடீன் கலந்தவை என்றால் 10 நாளே போதும். கலண்டரில் மாத்திரை போட்ட நாள்களுக்கு மட்டும் புள்ளி வைத்து வாருங்கள். எண்ணிப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர்கள் பலர்.

கழுத்தில் கை வைக்கக் கூடாத நேரம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் துவாயை மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

- இடி விழுந்ததுபோல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போன தலையிடி, அல்லது வாழ்க்கையிலேயே இப்படி வந்ததில்லை என்று சொல்லக்கூடிய தலையிடி
- காய்ச்சலோடு நாடியை நெஞ்சுக்குக் கொண்டுவர முடியாத விறைப்பு
- பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல், விழுங்கக் கஷ்டம், முகமோ கையோ மரத்துப்போதல், நடக்கையில் ஒரு பக்கம் சரிதல்
- விழுந்த பிறகு, வாகனம் மோதிய பிறகு, கழுத்தை வெடுக்கென்று திருப்பிய பிறகு புதிதாக வந்த கழுத்து நோவும் தலையிடியும்
- 50 வயதுக்குப் பிறகு முதன்முதலாக வரும் தலையிடி. அதிலும் தலை சீவினால் நோகிறது, சப்பினால் தாடை நோகிறது என்றால் அன்றைக்கே
- கர்ப்பிணிகளுக்குப் புதிதாக வரும் தலையிடி

நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கழுத்து எலும்புகளின் பக்கத்துத் துளைகளுக்குள்ளால் மூளைக்கு ஓர் இரத்தக் குழாய் ஏறுகிறது. அதன் உட்சுவர் கிழிந்தால் முதலில் வருவது கழுத்து நோவும் தலையிடியும்தான். சாதாரணச் சுளுக்குப்போல இருக்கும். அந்த நேரம் கழுத்தை முறுக்குவது ஆபத்து. அவசரம் என்றால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

முடக்குவாதம் (ருமற்றொயிட் மூட்டு நோய்) உள்ளவர்கள், எலும்பு மெலிவு (ஒஸ்ரியோபொரோசிஸ்) உள்ளவர்கள், பல காலம் ஸ்டீரொயிட் எடுத்தவர்கள், வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் இதில் எதையும் தொடங்க வேண்டாம். முடக்குவாதம் மேல் கழுத்தின் எலும்புகளைப் பிணைக்கும் நார்களைத் தளர்த்திவிடக்கூடியது.

அளவு எடுத்தல்

யன்னலுக்கு முதுகு காட்டிக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். தோளை அசையாமல் வைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பி, யன்னலில் எத்தனை கம்பி கண்ணில் படுகிறது என்று எண்ணுங்கள். இடப்பக்கமும் அப்படியே. கொழும்பு வீடுகளில் கம்பி இல்லாத யன்னல் அருமை, ஆகவே இந்த அளவுகோல் எல்லாரிடமும் இருக்கிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் நாலு என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். கதிரையின் இடத்தைச் சோக்கால் குறித்துவிடுங்கள். கதிரை நகர்ந்தால் கணக்குப் பிழைக்கும்.

இரண்டாவது அளவு முக்கியமானது. நாடியை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து, குனிந்த நிலையிலேயே வலமும் இடமும் திரும்புங்கள். முழுக்கக் குனியும்போது கீழ்க் கழுத்து மூட்டுகள் பூட்டிக்கொள்ளும், மிஞ்சும் திருப்பம் பெரும்பாலும் முதலாம், இரண்டாம் முள்ளென்புகளுக்கு இடையில் நடப்பது. நாங்கள் ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைக் கையில் தாங்கி இதையே பார்ப்போம். சரியான கழுத்து ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 44 பாகை திரும்பும். மணிக்கூட்டு முகத்தில் ஏழு நிமிடத் தூரம் என்று வையுங்கள். ஒரு பக்கம் ஐந்து நிமிடத் தூரத்திலேயே நின்றுவிட்டால் அந்த மூட்டு மேல் சந்தேகம் விழும். தலையிடி வருகிற பக்கமாகத் திரும்பும்போதுதான் பெரும்பாலும் முட்டும். அளக்கும்போது தலைச்சுற்று வந்தால் அத்தோடு விட்டுவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள்.

முதலாவது கை: மண்டையின் அடி விளிம்பு

இதற்கு உதவிக்கு ஆள் வேண்டும். நோவு உள்ளவர் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்கட்டும். உதவுபவர் கட்டிலின் தலைமாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்து, முழங்கைகளை மெத்தையில் ஊன்ற வேண்டும். ஊன்றாவிட்டால் இரண்டு நிமிடத்தில் கை நடுங்கும், நடுக்கம் தலைக்குப் போகும்.

இரண்டு உள்ளங்கைகளிலும் தலையை ஏந்துங்கள். எட்டு விரல்களையும் மடக்கி, நுனிகள் கூரையைப் பார்க்க, மண்டை விளிம்புக்குச் சற்றுக் கீழே, நடுக்கோட்டின் இரு பக்கமும் வரிசையாக வையுங்கள். இதற்குப் பிறகு அழுத்தக் கூடாது, உருட்டக் கூடாது, பிசையக் கூடாது. வளர்ந்தவரின் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அந்தப் பாரம் தானாக விரல் நுனிகள் மேல் இறங்கட்டும்.

முதல் அரை நிமிடம் விரலுக்குக் கீழே கயிறு மாதிரி ஒன்று தெரியும். நோவு உள்ளவர் அறியாமலே தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். "பாரத்தை விடுங்கோ" என்று சொல்லச் சொல்ல இன்னும் இறுக்குவார். எதுவும் சொல்லாமல் காத்திருப்பதே நல்லது. ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் கயிறு ஒரு பக்கம் முதலில் இளகும். மறுபக்கம் பிந்தும். பிந்துகிற பக்கம்தான் பெரும்பாலும் தலையிடியின் பக்கம். தலை கனத்துக் கைக்குள் இறங்கும்போது விரல்கள் அரை அங்குலம் உள்ளே போனதுபோலத் தோன்றும். அந்த நிலையில் தலையை உச்சிப் பக்கமாக மிக மெதுவாக, ஒரு நூல் அளவு, உங்களை நோக்கி இழுத்துப் பிடித்துப் பத்து எண்ணி விடுங்கள். மொத்தம் மூன்று, நாலு நிமிடம் போதும். எழும்பும்போது ஒரு பக்கம் சரிந்து, கையை ஊன்றி எழும்ப வேண்டும்.

ஆள் இல்லாதவர்கள் இரண்டு ரெனிஸ் பந்துகளைச் சொக்ஸுக்குள் போட்டு, நடுவில் இடைவெளி இல்லாமல் முடிச்சுப் போட்டு, அதே விளிம்பின் கீழே வைத்துப் படுக்கலாம். பந்துகளின் நடுவில் எலும்பு வர வேண்டும், பந்துகள் இரு பக்கத் தசையில் வர வேண்டும். காதுக்குக் கீழேயோ தொண்டைப் பக்கமோ வைக்கவே கூடாது. கிரிக்கெட் பந்தில் படுத்து நீலம் பாய்ந்த பிடரியோடு ஒரு பொடியன் வந்தான். ரெனிஸ் பந்து என்றால் ரெனிஸ் பந்துதான்.

எழும்பி யன்னல் கம்பியை எண்ணுங்கள்.

துவாய்: திருப்பம் குறைந்த பக்கத்துக்கு

நியூசிலாந்து இயன்மருத்துவர் பிரையன் மலிகன் கண்ட முறை இது. மூட்டை ஒரு பக்கம் மெதுவாக நகர்த்திப் பிடித்துக்கொண்டே, நோவில்லாமல் ஆளை அசைய வைப்பது அவருடைய யோசனை. அதை வீட்டில் தானே செய்யும்படி, ஒரு பட்டியை வைத்து அவுஸ்திரேலியாவில் நடந்த சோதனை 2007இல் வெளியானது. சிறிய சோதனைதான், 32 பேர். ஆனால் முடிவு தெளிவாக இருந்தது. பட்டிக்குப் பதிலாக நாங்கள் துவாய் கொடுப்போம். புதுத் துவாய் தடிப்பு, விளிம்பு எலும்பில் பிடிக்காது. தலையணை உறையும் சரிவரும்.

வலப்பக்கம் திரும்பக் கஷ்டம் என்று வைத்துச் சொல்கிறேன். இடப்பக்கம் என்றால் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கதிரையில் நிமிர்ந்திருந்து துவாயைப் பிடரியில் போடுங்கள். அதன் நீள விளிம்பு காதுச் சோணையின் மட்டத்துக்குக் கீழே, மயிர் முடியும் இடத்தை ஒட்டி, மண்டை எலும்புக்குச் சற்றுக் கீழே படிய வேண்டும். மண்டையின் மேல் ஏறினால் பலனில்லை, கழுத்தின் நடுவுக்கு இறங்கினால் வேறு மூட்டு அசையும். இப்போது துவாயின் ஒரு தலைப்பு இடத் தோளுக்கு மேலால் முன்னுக்கு வருகிறது, மற்றது வலத் தோளுக்கு மேலால். இடப்பக்கத்தால் வந்த தலைப்பை வலக் கையால் பிடியுங்கள். வலப்பக்கத்தால் வந்ததை இடக் கையால் பிடித்து நெஞ்சோடு கீழே அமுக்கி வையுங்கள்; அது நங்கூரம், அசையாது. கைகள் குறுக்கே போட்டிருக்கும்.

வலக் கையிலுள்ள தலைப்பை இடக் கன்னத்தை ஒட்டி, கண்ணின் மட்டத்துக்கு, முன்னால் வலப்பக்கமாக இழுங்கள். துவாய் கன்னத்தில் கிடையாக ஓட வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் தொண்டையை நெரிக்கும். புதிதாகச் செய்பவர்கள் விடும் பிழை இதுதான். இழுவையை விடாமல் முகத்தை மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கள். துவாயும் முகமும் ஒன்றாகப் போகட்டும். முடிவில் இரண்டு, மூன்று விநாடி நின்று, இழுவையோடேயே நடுவுக்குத் திரும்பிய பிறகுதான் துவாயைத் தளர்த்த வேண்டும்.

இரண்டு தடவை. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. அவ்வளவுதான். "இருபது செய்தன் தம்பி, கெதியாச் சுகம் வரட்டும் எண்டு" என்று வந்தவர்களுக்கு அன்றிரவு தலையிடி கூடியிருந்தது.

செய்யும்போது நோகக் கூடாது. 'கொஞ்சம் நொந்தால்தானே வேலை செய்யும்' என்பது இங்கே செல்லாது. நொந்தால் விளிம்பை அரை அங்குலம் மேலேயோ கீழேயோ மாற்றிப் பாருங்கள், இழுவையின் சாய்வை மாற்றுங்கள். மூன்று இடம் மாற்றியும் நொந்தால் அது உங்களுக்கல்ல. சரியான இடம் அகப்பட்டால் அப்போதே தெரியும், முதல் நாளே ஒரு கம்பி கூடுதலாகக் கண்ணில் படலாம்.

தலையிடி இருக்கும் நேரத்தில்

மேலே உள்ளது திருப்பத்தைக் கூட்ட. இப்போது தலையிடி இருக்கிறது, பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து கதிரையில் விழுந்திருக்கிறீர்கள் என்றால் வேறொன்று.

துவாயின் விளிம்பை அந்த முதல் எலும்பு முடிச்சில், இரண்டாவது முள்ளென்பில், வையுங்கள். இரண்டு தலைப்புகளையும் இரு கையாலும் முன்னுக்குக் கிடையாகப் பிடியுங்கள், இழுக்க வேண்டாம், அசையாமல் பிடித்தால் போதும். முகத்தை மேலேயோ கீழேயோ சரிக்காமல், நாடியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இலாச்சியை மூடுவதுபோல நேரே பின்னுக்கு. மிக மெல்லிய அழுத்தத்தில் பத்து விநாடி. தலையிடி குறைகிறதா என்று அந்தப் பத்து விநாடிக்குள்ளேயே கவனியுங்கள். குறைந்தால் ஆறு தடவையிலிருந்து பத்துத் தடவை வரை செய்யலாம். கூடினால் உடனே விடுங்கள். குறையவும் இல்லை, கூடவும் இல்லை என்றால் அழுத்தத்தைக் கூட்ட நினைக்காதீர்கள். பெரும்பாலும் குறைக்கத்தான் வேண்டியிருக்கும்.

சித்தாலேப பூசலாமா என்று கேட்பார்கள். பூசலாம், மணமும் சூடும் ஆறுதல்தான். ஆனால் துவாய் வழுக்கும். துவாயை முடித்துவிட்டுப் பூசுங்கள்.

'ஓம்' சொல்லும் பயிற்சி

அவுஸ்திரேலியாவில் குவென்டொலின் ஜுல் தலைமையில் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வில் கழுத்துத் தலையிடி உள்ள 200 பேரை நாலாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் கைச் சிகிச்சை, ஒரு பகுதிக்குப் பயிற்சி, ஒரு பகுதிக்கு இரண்டும், ஒரு பகுதிக்கு ஒன்றும் இல்லை. ஆறு கிழமை சிகிச்சை. 12 மாதம் கழித்துப் பார்த்தபோதும் முதல் மூன்று பகுதியினருக்கும் பலன் நிலைத்திருந்தது. கைச் சிகிச்சை செய்து பிழைக்கிற எனக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்தது: பயிற்சி மட்டும் செய்தவர்களும் சளைக்கவில்லை.

என்ன பயிற்சி? மல்லாக்கப் படுத்து, தலைக்குக் கீழே ஒரு மடிப்புத் துவாய் வைத்து, ஆரும் காணாதபடி 'ஓம்' என்று தலையாட்டுவது. தலையைத் தூக்கக் கூடாது, பின்மண்டை துவாயில் வழுக்கி ஓட வேண்டும். நாடி ஒரு விரல் அகலம் மட்டும் கழுத்தை நோக்கி வர வேண்டும். பத்து விநாடி வைத்து விடுங்கள், பத்துத் தடவை. தொண்டைக்கு முன்னால், எலும்பை ஒட்டி ஆழத்தில் உள்ள தசைகளுக்கு இது வேலை. கழுத்துத் தலையிடிக்காரரில் அவை சோம்பியிருக்கும், மேலேயுள்ள பெரிய தசைகள் அவற்றின் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யும்.

ஒரு கையின் இரண்டு விரலை காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு நோக்கி இறங்கும் கயிற்றுத் தசையின் மேல் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அது புடைத்தால் அளவுக்கு மீறி ஆட்டுகிறீர்கள். எங்களிடம் இதற்குப் பிரஷர் பார்க்கும் கருவிபோல ஒரு காற்றுப் பை இருக்கிறது. கழுத்துக்குக் கீழே வைத்து 20 மி.மீ. இரசத்தில் தொடங்கி, இரண்டு இரண்டாகக் கூட்டி 30 வரை போகச் சொல்வோம். ஜிம்முக்குப் போகிற இளந்தாரிகள் 24ஐத் தாண்டாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு கிழமை, நாளுக்கு இரண்டு நேரம். அலுப்பான பயிற்சிதான், மறுக்கவில்லை. நித்திரைக்குப் போக முன்பு, கட்டிலிலேயே செய்துவிட்டால் தவறாது.

பிசியோவிடம் போனால் என்ன நடக்கும்

முதலில் கேள்விகள். கேள்வி கேட்காமல், கழுத்தை அளக்காமல், நேரே கை வைப்பவரிடம் இருந்து எழும்பி வந்துவிடுங்கள். பிறகு குப்புறப் படுக்க வைத்து, பெருவிரல்களால் ஒவ்வொரு முள்ளென்பையும் மெல்ல அழுத்தி, எது இறுகியிருக்கிறது, எது உங்கள் தலையிடியை எழுப்புகிறது என்று தேடுவார். அகப்பட்ட மூட்டைத் தாளமாக அசைப்பார். அவுஸ்திரேலியரான ஜெஃப்ரி மெயிட்லண்ட் இந்த அசைவுகளை நாலு படியாக வகுத்தார். நோவு கூடின ஆளுக்கு முதல் இரண்டு படி, சும்மா தொட்டு ஆட்டுவதுபோலத்தான் இருக்கும். இறுக்கம் கூடின ஆளுக்கு மூன்றும் நாலும்.

அதற்கு மேல் உள்ளது 'டக்' என்று சத்தம் வரும் வெட்டு அசைவு. சரியான ஆளுக்கு, பயிற்சி உள்ளவரின் கையில், அதற்கும் இடமுண்டு. ஆனால் முதல் நாளே அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமையும் உண்டு. அந்தச் சத்தம் மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். எலும்பு ஏறி இருந்து இறங்கின சத்தம் அல்ல.

சலூனில் மயிர் வெட்டி முடிய நெட்டி முறிப்பதை மட்டும் விடுங்கள். படிக்கிற காலத்தில் ஒரு சலூனில் கேட்காமலே என் தலையை இரு பக்கமும் திருப்பி முறித்தார்கள். இரண்டு நாள் தலைச்சுற்றும் ஓங்காளமுமாகக் கிடந்தேன். வேறொன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம். இப்போது கதிரையில் உட்காரும்போதே "அண்ணை, கழுத்தைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கே போவது

கொழும்பில் தேசிய வைத்தியசாலையில், எங்கள் வாயில் பெரியாஸ்பத்திரியில், இயன்மருத்துவப் பிரிவு உண்டு. வெளிநோயாளர் பிரிவிலோ கிளினிக்கிலோ டொக்டரைக் கண்டு அவர் துண்டு எழுதித் தர வேண்டும். காசு இல்லை, ஆனால் பொழுது போகும், காலையிலேயே போய்விடுங்கள். தனியார் ஆஸ்பத்திரிகளில் டொக்டரைச் சனல் பண்ணிப் போகலாம். வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்பவர்களிடம் இலங்கை மருத்துவச் சபையின் பதிவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதிவுள்ளவர் கோபிக்க மாட்டார்.

வேலையிடத்தைப் பற்றியும் சொல்லுங்கள். செட்டியார் தெருவில் நகை வேலை செய்யும் ஓர் அண்ணருக்கு மூன்று கிழமை கழுத்தைப் பிடித்தேன். பிடித்து முடிய ஆறு கம்பி, அடுத்த முறை வரும்போது திரும்ப நாலு. பிறகுதான் அவர் வேலை செய்யும் படத்தைப் போனில் காட்டச் சொன்னேன். பட்டறைப் பலகை முழங்கால் உயரம், நாடி நெஞ்சில் முட்ட எட்டு மணித்தியாலம். நாலு அங்குலக் கட்டை வைத்துப் பலகையை உயர்த்தச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஆறு ஆறாகவே நின்றது. கந்தோர்க்காரருக்கு லப்டொப்புக்குக் கீழே நாலு தடித்த புத்தகம். பஸ்ஸில் போனில் மூழ்கிப் போகிறவர்களுக்கு, போனைப் பிடித்த கையின் முழங்கையை மற்றக் கையால் தாங்கி உயர்த்துவது. தலையணை ஒன்று போதும், இரண்டு வேண்டாம்.

இரண்டு கிழமை செய்து கம்பிக் கணக்கும் மாறாமல், மாதத்துத் தலையிடி நாள்களும் குறையாமல் இருந்தால் விட்டுவிட்டு ஒருவரிடம் காட்டுங்கள். போகும்போது கொலர் இல்லாத, கழுத்து அகன்ற சட்டை போடுங்கள். பெண்கள் கொண்டையை உச்சிக்கு மேலே கட்டிக்கொண்டு போனால் பிடரி வெளியாக இருக்கும். கம்பி எண்ணின துண்டையும், மாத்திரைப் புள்ளி வைத்த கலண்டரையும் கொண்டு போங்கள். துவாயையும்தான்: நீங்கள் வீட்டில் எந்த இடத்தில் வைத்து இழுக்கிறீர்கள் என்று பார்த்தால் பாதிப் பிழை அங்கேயே பிடிபடும்.